உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் ஊக்கத் தடுப்பூசியும்

தனக்குரியது எது, பிறிது எது என்பதை மனித உடல் ஓயாது தேர்ந்தறிந்துகொண்டே இருக்கிறது. புறத்திலிருந்து புகும் நுண்ணுயிரியை அது இனங்கண்டு அழிப்பது இவ்வாற்றலினாலேயே ஆகும். ஆயினும் இவ்வாற்றல் வருவது நண்பனா பகைவனா என்று வினவுவதில்லை. செயலிழந்த சிறுநீரகத்திற்கு மாற்றாகத் தாயொருத்தி தன் மகனுக்கு அளித்த சிறுநீரகத்தையும் அது அந்நியப் பொருளாகவே கொண்டு தாக்க முற்படுகிறது. எனவேதான் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்ற ஒருவர், அவ்வுறுப்பு இயங்கும் காலமெல்லாம், தம் உடலின் காவலைத் தளர்த்தி வைக்கும் மருந்துகளை நாள்தோறும் உட்கொள்ள வேண்டியவராகிறார். தடுப்பூசியின் பணியோ அதே காவலைத் தட்டியெழுப்புவதாகும். ஒரே உடலுக்குள் 'உறங்கு' என்ற கட்டளையும் 'விழித்தெழு' என்ற கட்டளையும் ஒருங்கே சென்று சேரும்போது என்ன நிகழ்கிறது என்பதை நாம் இங்கு ஆராய்வோம்.

இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. கோவிட்-19 பெருந்தொற்றின் முதலாண்டாகிய 2020இல், ஐம்பதுக்கும் மேற்பட்ட மருத்துவ மையங்களிலிருந்து, தொற்றுக்கு ஆளான உறுப்பு மாற்றுப் பெற்றோர் 482 பேரின் விவரங்கள் திரட்டப்பட்டன. அவர்களுள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரில் 20.5 விழுக்காட்டினர் 28 நாள்களுக்குள் இறந்தனர். அதாவது ஐவருக்கு ஒருவர். இத்தகையோருக்குத் தடுப்பூசி எவ்வளவு பாதுகாப்பை அளிக்கிறது, முதலிரு தவணைகள் பயன் தரவில்லையெனில் மூன்றாவதும் நான்காவதும் பயன் தருமா என்பன உயிரோடு தொடர்புடைய வினாக்களே.

உறுப்பை உடல் ஏற்க மறுப்பதும், தடுப்பூசி பலனளிப்பதும் ஒரே ஆற்றலின் இரு முகங்கள் என்பதை மருத்துவ உலகம் உணர்ந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான். லெபனானியத் தந்தைக்குப் பிறந்த பிரித்தானிய அறிஞர் பீட்டர் மெதவார், கிளாஸ்கோ நகரில் தாமஸ் கிப்சன் எனும் அறுவை மருத்துவரோடு இணைந்து, தீக்காயமுற்ற பெண்ணொருவருக்கு அவருடைய சகோதரரின் தோலை ஒட்டிய நிகழ்வை ஆய்ந்து 1943இல் வெளியிட்டார். முதன்முறை ஒட்டிய தோல் சில நாள்கள் நிலைத்துப் பின் அழிந்தது. அதே சகோதரரிடமிருந்து இரண்டாம் முறை எடுத்து ஒட்டிய தோல் அதனினும் விரைவாக அழிந்தது. உடல் முன்னர்க் கண்டதை நினைவில் வைத்திருந்தது என்பதே இதன் பொருள். இந்த நினைவாற்றலையே தடுப்பூசி பயன்படுத்துகிறது. இதே நினைவாற்றலே உறுப்பு மாற்றுக்குத் தடையாகவும் நிற்கிறது. மெதவாருக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது.

உடலின் நினைவு பற்றிய சிந்தனை மிகப் பழமையானது என்பதையும் இங்கே சுட்டிச் செல்லலாம். கி.பி. 925 அளவில் மறைந்த மருத்துவப் பேரறிஞர் அர்ராஸீ, பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறு பிரித்துக் காட்டிய தமது நூலில், இளம் வயதினரின் குருதி திராட்சைச் சாறு நொதிப்பதுபோல் நொதித்துப் பக்குவமடைவதே பெரியம்மை என்றார். ஒருமுறை நொதித்த சாறு மீண்டும் நொதிப்பதில்லை. ஆகவே நோயும் பெரும்பாலும் மீள்வதில்லை. விளக்கம் இன்று ஏற்கத்தக்கதன்று. எனினும் ஒரு நோய் ஒருவரை ஏன் இரண்டாம் முறை அண்டுவதில்லை என்ற வினாவுக்கு இயற்கைக் காரணம் காட்ட முயன்ற தொன்மையான கோட்பாடுகளுள் ஒன்றாக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இதனைக் கருதுகின்றனர்.

மீண்டும் நம் பொருளுக்கு வருவோம். 1954 டிசம்பர் 23ஆம் நாள் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே நிகழ்த்திய சிறுநீரக மாற்று வெற்றி பெற்றதற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரு கரு இரட்டையர் என்பதே. அவர்களிடையே தான், பிறிது என்ற வேறுபாடே இல்லை. இரட்டையர் அல்லாதோருக்கும் இது கைகூடியது மருந்துகளின் வரவால் ஆகும். அறுபதுகளில் அசாதயோபிரின், எண்பதுகளில் சைக்ளோஸ்போரின், தொண்ணூறுகளில் டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட் என்று அவை அடுத்தடுத்து வந்தன. சைக்ளோஸ்போரின் நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்தும், டாக்ரோலிமஸ் ஜப்பானின் த்சுகூபா மண்ணில் 1984இல் கண்ட நுண்ணுயிரியிலிருந்தும் பெறப்பட்டவை. இன்று சிறுநீரகமோ கல்லீரலோ பெற்ற ஒருவரின் மருந்துச் சீட்டைப் பார்த்தால், டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் சேர்ந்து காணப்படுவது மிகப் பொதுவான வழக்கமாகும்.

இம்மருந்துகள் தடுப்பூசியின் வழியில் எங்கெங்கே குறுக்கிடுகின்றன என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ஏனெனில் பின்னர் வரும் எண்கள் அனைத்தும் இதனைப் புரிந்துகொண்டாலன்றித் தெளிவுபடா. கோவிட் தடுப்பூசி, வைரசின் மேற்புறத்திலுள்ள முள் போன்ற புரதத்தை உடலுக்கு அறிமுகம் செய்கிறது. அக்குளில் உள்ளவை போன்ற நிணநீர்க் கணுக்களுக்கு இச்செய்தி எட்டுகிறது. அங்கே உதவி டி செல்கள் எனப்படுவன முதலில் விழித்தெழுந்து, வேதிச் சமிக்ஞைகளை வெளியிட்டு, பி செல்களை ஏவுகின்றன. ஏவப்பட்ட பி செல்கள் மளமளவெனப் பெருகி, தமக்குள் போட்டியிட்டு, அப்புரதத்தோடு மிகப் பொருத்தமாக ஒட்டக்கூடியவை மட்டும் தேர்ந்தெடுக்கப்படும் ஒரு பயிற்சிக் களத்தைக் கணுவுக்குள்ளேயே அமைத்துக்கொள்கின்றன. அக்களத்திலிருந்து வெளிவருவோரே எதிர்ப்பொருளைச் சுரக்கும் செல்களும், நெடுநாள் நினைவைச் சுமக்கும் செல்களும் ஆவர். எதிர்ப்பொருள் என்பதைத்தான் பரிசோதனைக்கூட அறிக்கைகளில் 'ஆன்டிபாடி' என்று காண்கிறோம்.

டாக்ரோலிமஸ் இதன் முதற்படியிலேயே கைவைக்கிறது. டி செல்களின் சமிக்ஞை எழாதவாறு தடுக்கிறது. மைக்கோஃபீனோலேட் அடுத்த படியைத் தாக்குகிறது. செல் பிரிந்து பெருக வேண்டுமெனில் மரபுப் பொருளைப் புதிதாகப் படியெடுக்க வேண்டும். அதற்கான கட்டுமானப் பொருள்களுள் ஒன்று குவானின். பிற செல்கள் பல பழைய குவானினை மீட்டுப் பயன்படுத்திக்கொள்ளும். டி, பி செல்களோ பெரும்பாலும் புதிதாக ஆக்கியே தீர வேண்டும். அந்த ஆக்கத்தை இம்மருந்து நிறுத்திவிடுகிறது. உறுப்பைக் காக்கும் நோக்கில் இது நுட்பமான உத்தி. தடுப்பூசியின் நோக்கில் பயிற்சிக் களத்தையே மூடிவிடும் செயல். அமெரிக்காவின் பென்சில்வேனியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல், சிறுநீரகம் பெற்றோரின் நிணநீர்க் கணுக்களிலிருந்து நுண்ணூசியால் செல்களை எடுத்துப் பார்த்தபோது, உடல்நலம் உள்ளோரிடம் தழைத்திருந்த அக்களம் இவர்களிடம் மிகவும் நலிந்திருப்பதை நேரிலேயே கண்டனர்.

2020ஆம் ஆண்டின் இறுதியில் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகள் 95 விழுக்காடு பலனளிப்பதாகச் செய்தி வந்தது. அந்த எண் மெய்யானதே. ஆனால் தடுப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்வோர் அச்சோதனைகளில் சேர்க்கப்படவில்லை என்பதைத் தலைப்புச் செய்திகள் சொல்லவில்லை. ஆகவே உறுப்பு மாற்றுப் பெற்றோர் முதன்முதலில் ஊசி போட்டுக்கொண்டபோது, அது தமக்கு என்ன செய்யும் என்பது அவர்களுக்கோ அவர்களுடைய மருத்துவர்களுக்கோ தெரியாது.

விடை 2021 மார்ச்சில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. முதல் தவணை பெற்ற 436 பேரில் 17 விழுக்காட்டினரிடம் மட்டுமே எதிர்ப்பொருள் தென்பட்டது. அதே குழுவினர் மே மாதத்தில் 658 பேரைப் பற்றிய விவரத்தை வெளியிட்டனர். இரண்டு தவணைகளுக்குப் பின்னரும் 54 விழுக்காட்டினரிடமே எதிர்ப்பொருள் உருவாகியிருந்தது. உடல்நலம் உள்ளோரில் ஏறத்தாழ அனைவரும் இரண்டு தவணைகளில் எதிர்ப்பொருளைப் பெற்றுவிடுகின்றனர் என்பதோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். மைக்கோஃபீனோலேட் போன்ற, செல் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்தை உட்கொண்டோரில் 57 விழுக்காட்டினருக்கு இரு தவணைக்குப் பின்னும் எதுவும் உருவாகவில்லை. அம்மருந்து உட்கொள்ளாதோரில் இவ்வாறு வெறுங்கையராய் நின்றோர் 18 விழுக்காட்டினரே. நாம் மேலே விளக்கிய செயல்முறை இங்கு எண்ணாகவே வெளிப்படுகிறது.

இதற்குப் பின் நிகழ்ந்தது மருத்துவ வரலாற்றில் அடிக்கடி காணக்கூடியதன்று. அமெரிக்காவில் மூன்றாம் தவணைக்கு எந்த அனுமதியும் இல்லாத அவ்வேளையில், தம் பரிசோதனை முடிவைக் கையில் வைத்திருந்த நோயாளிகள் சிலர் தாமாகவே சென்று மூன்றாம் ஊசியைப் போட்டுக்கொண்டனர். அத்தகைய 30 பேரின் விவரத்தை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2021 ஜூனில் வெளியிட்டது. முன்னர் எதிர்ப்பொருள் அறவே இல்லாதிருந்த 24 பேரில் அறுவருக்கு அது உயர்ந்த அளவில் தோன்றியது. இருவருக்குச் சிறிதளவு தோன்றியது. பதினாறு பேருக்கு அப்போதும் இல்லை. முன்னரே சிறிதளவு பெற்றிருந்த அறுவருக்கும் அது பன்மடங்கு பெருகியது. இதயம் பெற்ற ஒருவருக்கு ஊசிக்குப் பின் ஏழாம் நாளில் உறுப்பு ஏற்பு மறுப்பின் அறிகுறி திசுச் சோதனையில் தென்பட்டதையும் அவர்கள் மறைக்காது பதிவு செய்தனர்; எனினும் அவ்விதயத்தின் இயக்கம் பாதிக்கப்படவில்லை. முறைப்படுத்தப்பட்ட ஆய்வு தொடங்கும் முன்னரே நோயாளிகள் தம் உடலையே சோதனைக்களமாக்கியதை நாம் முழுமையாகப் பாராட்டவும் இயலவில்லை. குறை கூறவும் மனம் வரவில்லை.

பிரான்சில் நிலைமை வேறாயிருந்தது. அங்கே 2021 ஏப்ரலிலேயே தடுப்பாற்றல் குன்றியோருக்கு மூன்றாம் தவணை பரிந்துரைக்கப்பட்டுவிட்டது. அதன் பயனாகத் துலூஸ் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனை 101 பேரைப் படிப்படியாகக் கண்காணிக்க முடிந்தது. இரண்டாம் தவணைக்கு முன் 4 விழுக்காடு, மூன்றாம் தவணைக்கு முன் 40 விழுக்காடு, மூன்றாம் தவணைக்கு நான்கு வாரங்களுக்குப் பின் 68 விழுக்காடு என எதிர்ப்பொருள் பெற்றோர் தொகை ஏறிச் சென்றது. இதனுள் ஒரு நுட்பம் உண்டு. இரு தவணைகளில் எதுவும் பெறாதிருந்த 59 பேரில் 26 பேருக்கே, அதாவது 44 விழுக்காட்டினருக்கே, மூன்றாவது பலித்தது. ஏற்கெனவே பெற்றிருந்தோருக்கோ அளவு பல மடங்கு உயர்ந்தது.

இந்நுட்பத்தை ஸ்ட்ராஸ்பூர் நகர ஆய்வு இன்னும் தெளிவாக்கிற்று. இரு தவணைக்குப் பின் போதிய எதிர்ப்பொருள் பெறாத சிறுநீரக மாற்றாளர் 159 பேருக்கு அங்கு மூன்றாம் தவணை இடப்பட்டது. மொத்தத்தில் 49 விழுக்காட்டினர் பலன் கண்டனர். ஆனால் அவர்களைப் பிரித்து நோக்கினால் படம் மாறுகிறது. முன்னர்ச் சிறிதேனும் எதிர்வினை காட்டியோரில் ஏறத்தாழ ஐவரில் நால்வர் பலன் கண்டனர். அறவே காட்டாதோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே கண்டனர். மேற்கூறிய மூன்று மருந்துகளையும் சேர்த்து உட்கொண்டோரில் 35 விழுக்காடும், வேறு மருந்து முறையில் இருந்தோரில் 63 விழுக்காடும் பலன் பெற்றனர்.

ஆக, ஊக்கத் தவணை எனும் சொல்லையே இங்கு நாம் கவனத்தோடு கையாள வேண்டியுள்ளது. முன்னரே நன்கு உருவாகிக் காலப்போக்கில் தேய்ந்த தடுப்பாற்றலை மீண்டும் தூண்டுவதற்கு இடுவதே ஊக்கத் தவணை, அதாவது 'பூஸ்டர்'. உறுப்பு மாற்றுப் பெற்றோர் பலருக்கு மூன்றாம் ஊசி அத்தகையதன்று; இன்னும் உருவாகவே இல்லாத ஒன்றை உருவாக்குவதற்கான முயற்சி அது. அதனால்தான் பல நாடுகளின் வழிகாட்டு நெறிகள் அதனை முதன்மைத் தவணைகளின் தொடர்ச்சியாகவே எண்ணி, ஊக்கத் தவணையை அதற்கப்பால் நான்காவதாக வைத்தன. பொதுப் பேச்சில் இரண்டும் பூஸ்டர் என்றே வழங்கியமை குழப்பத்திற்கு இடமளித்தது. 'எல்லாருக்கும் பூஸ்டர் வரும்போது நமக்கும் வரும்' என்று காத்திருந்தோர் உண்மையில் அடித்தளமே இடப்படாத வீட்டிற்கு மாடி வருமென்று காத்திருந்தவர்களாயினர்.

இதுவரை கூறியவை அனைத்தும் கண்காணிப்பு ஆய்வுகள். நாள் கடந்ததாலேயே எதிர்ப்பொருள் தானாக ஏறியிருக்கலாமே என்று ஒருவர் வினவலாம். இவ்வினாவுக்கு விடை கூறியது கனடாவின் டொரோன்டோ நகரில் நடந்த ஆய்வு. 120 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மடர்னா தடுப்பூசியையும் மறு பிரிவினருக்கு வெறும் உப்புநீரையும், யாருக்கு எது என்பதை வெளிப்படுத்தாது, இரண்டாம் தவணைக்கு இரு மாதங்களுக்குப் பின் இட்டனர். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் எதிர்ப்பொருள் பெற்றோர் தடுப்பூசிப் பிரிவில் 55 விழுக்காடு. மறு பிரிவில் 18 விழுக்காடு. டி செல்களின் எதிர்வினையும் தடுப்பூசிப் பிரிவிலேயே மிகுதி. எவருக்கும் உறுப்பு ஏற்பு மறுப்பு நேரவில்லை. 2021 ஆகஸ்டில் இம்முடிவு வெளியான நாள்களிலேயே, அம்மாதம் 12ஆம் நாள், அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் உறுப்பு மாற்றுப் பெற்றோருக்கு மூன்றாம் தவணையை அனுமதித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவும் அவ்வாண்டு அக்டோபரில் அவ்வாறே பரிந்துரைத்தது. இரண்டாம் தவணைக்கு ஒன்று முதல் மூன்று மாதங்களில் இடுவது தகும் என்றது.

இந்தியாவில் நிகழ்ந்ததை இங்கே ஒப்பிடாதிருக்க இயலவில்லை. 2022 ஜனவரி 10இல் தொடங்கிய 'முன்னெச்சரிக்கைத் தவணை', மருத்துவப் பணியாளர், முன்களப் பணியாளர், இணைநோயுள்ள அறுபது வயதினர் ஆகியோருக்கே உரியதாயிற்று. இரண்டாம் தவணைக்குப் பின் ஒன்பது மாதங்கள் கழிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஐம்பது வயதில் சிறுநீரகம் பெற்ற ஒருவர், தாம் மருத்துவப் பணியாளராயிருந்தாலன்றி, அவ்வரிசையில் நிற்க உரிமையற்றவரானார். ஏப்ரல் 10 முதல் தனியார் மையங்களில் கட்டணம் செலுத்தி வயது வந்தோர் அனைவரும் பெறலாயிற்று. இலவசமாகக் கிடைத்தது ஜூலை 15க்குப் பின்னரே. இடைவெளி ஆறு மாதமாகக் குறைந்ததும் அம்மாதத்தில்தான். மூளைச்சாவடைந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிப்பதில் 2008 முதல் நாட்டுக்கே முன்மாதிரியாய் விளங்கிய தமிழகத்தின் பயனாளிகளுக்கும் இதே விதிதான். தடுப்பாற்றல் குன்றியோரைத் தனி வகையினராக எண்ணாது வயதை மட்டுமே அளவுகோலாக்கியது கொள்கையின் குறைபாடு என்றே நாம் கருதுகிறோம்.

இனி, எதிர்ப்பொருளின் அளவு எதைக் காட்டுகிறது என்ற வினாவுக்கு வருவோம். டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு ஹெப்படைட்டிஸ்-பி தடுப்பூசி இரு மடங்கு அளவில் இடப்படுவதையும், பின்னர் குருதியைச் சோதித்து எதிர்ப்பொருள் 10 அலகுக்கு மேல் உள்ளதா என்று பார்ப்பதையும் நம்மில் பலர் அறிவோம். அங்கே பாதுகாப்பின் எல்லைக்கோடு தெளிவாக உண்டு. கோவிட் நோய்க்கு அத்தகைய ஏற்கப்பட்ட எல்லைக்கோடு இல்லை. எனவேதான் தடுப்பூசிக்குப் பிந்திய பாதுகாப்பை அளக்க எதிர்ப்பொருள் சோதனையைப் பயன்படுத்தலாகாது என்று அமெரிக்க நிருவாகம் 2021 மே மாதத்தில் அறிவுறுத்தியது. மேலும் எதிர்ப்பொருள் இல்லாதோர் சிலரிடம் டி செல்களின் எதிர்வினை காணப்பட்டதும் உண்டு. எதிர்ப்பொருள், வைரஸ் செல்லுக்குள் நுழைவதைத் தடுப்பது. டி செல், நுழைந்த பின் நோய் முற்றாது தடுப்பது. 2021 நவம்பரில் ஓமைக்ரான் வகை தோன்றியபோது முள் புரதம் பெரிதும் மாறிவிட்டமையால் எதிர்ப்பொருள்கள் பல பிடி தளர்ந்தன; டி செல்களின் பிடி அந்த அளவுக்குத் தளரவில்லை.

இங்கிலாந்தின் பதிவேடுகளைக் கொண்டு 2021ஆம் ஆண்டு பற்றி ஆய்ந்தோர் கண்டதும் இதனோடு பொருந்துகிறது. இரு தவணை பெற்ற உறுப்பு மாற்றாளரிடையே தொற்று குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் இறப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நம் நாட்டில் கோவிஷீல்டு எனப் பெயர் பெற்ற ஆக்ஸ்ஃபோர்டு தடுப்பூசியைப் பெற்றோரும் அப்பதிவில் அடங்குவர். ஊசியால் பயனே இல்லை என்போருக்கும், ஊசி போட்டாயிற்று, இனி அச்சமில்லை என்போருக்கும் இந்த ஒரே செய்தி மறுமொழியாகும்.

அதற்காக எதிர்ப்பொருள் சோதனை பொருளற்றது என்று கொள்ளவும் வேண்டியதில்லை. பிரித்தானியாவில் 'மெலடி' எனும் பெயரில் நடந்த பெரிய ஆய்வில், தடுப்பாற்றல் குன்றிய 28,000க்கும் மேற்பட்டோர் தம் வீட்டிலேயே விரல் நுனிக் குருதியைச் சோதித்து முடிவை அனுப்பினர். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தவணைகள் பெற்றிருந்தும், உறுப்பு மாற்றுப் பெற்றோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு எதிர்ப்பொருள் தென்படவில்லை. பின்னர் அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, எதிர்ப்பொருள் இருந்தோருக்குத் தொற்றும் மருத்துவமனை அனுமதியும் குறைவாகவே நேர்ந்தன. தனி மனிதருக்கு அது சான்றிதழ் ஆகாது. ஒரு கூட்டத்தில் யார் அதிக ஆபத்தில் உள்ளனர் என்பதை அது காட்டுகிறது.

அப்படியாயின் ஊசியிடும் நாள்களில் மட்டும் மைக்கோஃபீனோலேட்டை நிறுத்தி வைத்தால் என்ன? இந்த எண்ணம் மருத்துவர்களுக்கும் எழாமலில்லை. பெர்லின் மருத்துவர்கள், தேர்ந்தெடுத்த 29 பேருக்கு நான்காம் தவணையின்போது ஏறத்தாழ ஐந்து வாரம் அம்மருந்தை நிறுத்தினர். நால்வரில் மூவருக்கு எதிர்ப்பொருள் உருவாயிற்று. நெதர்லாந்தில் குலுக்கல் முறையில் நடந்த பெரிய ஆய்வோ, ஊசிக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் நிறுத்துவதால் கூடுதல் பயன் இல்லை என்று கண்டது. தடுப்பூசியின் அளவை இரட்டிப்பதாலும், வேறு வகை ஊசிக்கு மாறுவதாலும் கூடுதல் பயன் விளையவில்லை. மீண்டும் ஒரு தவணை இடுவதே எல்லாப் பிரிவினருக்கும் பயன் தந்தது. நிறுத்தும் காலத்தின் நீளம் இவ்வேறுபாட்டிற்குக் காரணமாகலாம். எவ்வாறாயினும், உறுப்பை இழக்கும் அபாயம் உள்ள இம்முயற்சியை எந்நோயாளியும் தாமாக மேற்கொள்ளலாகாது. சிறுநீரகத்தை இழந்து மீண்டும் டயாலிசிஸ் படுக்கைக்குச் செல்வது கோவிடைவிடச் சிறிய துன்பமன்று.

எத்தனை தவணை இட்டும் எதிர்வினை காட்டாதோர் சிலர் எஞ்சவே செய்கின்றனர். பெலாடசெப்ட் எனும் மருந்தை ஊசி வழியே பெறுவோர் இவர்களுள் முதன்மையானவர்கள். அம்மருந்து டி செல் விழித்தெழுவதற்குத் தேவையான இரண்டாம் சமிக்ஞையையே மறைத்துவிடுவதால், மூன்றாம் தவணைக்குப் பின்னும் அவர்களுள் மிகச் சிலருக்கே எதிர்ப்பொருள் உருவானது. இத்தகையோருக்கு, அவர்களுடைய உடல் ஆக்க இயலாத எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் ஆக்கி வெளியிலிருந்து அளிப்பதே வழி. எவ்யூஷெல்டு எனும் இரட்டை எதிர்ப்பொருள் மருந்து அமெரிக்காவில் 2021 டிசம்பரில் இதற்கென அனுமதி பெற்றது. பிரித்தானிய அரசு 2022 ஆகஸ்டில் அதனை வாங்குவதில்லை என்று முடிவு செய்தபோது, நோயாளர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. வைரசின் மாற்றம் இருதரப்பையும் முந்திக்கொண்டது: புதிய வகைகள் அம்மருந்துக்குக் கட்டுப்படாமையால் 2023 ஜனவரியில் அமெரிக்காவிலேயே அதன் அனுமதி நிறுத்தப்பட்டது. 2024 மார்ச்சில் பெமிவிபார்ட் எனும் மற்றொரு எதிர்ப்பொருளுக்கு அங்கு அவசரகால அனுமதி கிடைத்தது. இவை விலை மிகுந்தவை. வைரஸ் மாறுந்தோறும் பயனிழக்கக்கூடியவை.

தடுப்பூசியும் வைரசைத் தொடர்ந்து மாற்றப்பட்டே வருகிறது. 2022 இலையுதிர் காலம் முதல் அவ்வப்போதைய வகைக்கேற்பப் புதுப்பித்த ஊசிகள் மேலை நாடுகளில் வந்துள்ளன. 2024 அக்டோபரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், தடுப்பாற்றல் குன்றியோர் ஆறு மாத இடைவெளியில் இரு தவணை பெறப் பரிந்துரைத்தது. 2025 இலையுதிர் காலத்தில் பிரித்தானியா பொதுமக்களுக்கான இலவசத் தவணையை 75 வயதுக்கு மேற்பட்டோர், முதியோர் இல்லவாசிகள் ஆகியோருக்கெனச் சுருக்கியபோதும், உறுப்பு மாற்றுப் பெற்றோர் உள்ளிட்ட தடுப்பாற்றல் குன்றியோரைப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. பெருந்தொற்று பிறருக்கு முடிந்துவிட்ட பின்னரும் இவர்களுக்கு அது முழுமையாக முடியவில்லை என்பதை அந்நாட்டுக் கொள்கை ஏற்றுக்கொண்டுள்ளது.

நடைமுறையில் சில செய்திகள் எஞ்சியுள்ளன. உறுப்புக்காகக் காத்திருப்போர் சிகிச்சைக்கு இரு வாரங்களுக்கு முன்னதாகவேனும் தடுப்பூசிகளை முடித்துக்கொள்வது சிறப்பு. காவல் தளர்த்தப்படும் முன்னரே பயிற்சி முடிந்துவிடும். அறுவைக்குப் பின்னெனில் ஒன்று முதல் மூன்று மாதம் வரை பொறுத்திருக்கும்படி மருத்துவர்கள் கூறுவர். முதலாண்டில் மருந்துகளின் அளவு மிகுதியாயிருப்பதால் எதிர்வினை குறைவாகவே இருக்கும். உயிருள்ள நுண்ணுயிரிகளைக் கொண்ட தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகள் இவர்களுக்கு விலக்கப்பட்டவை. கோவிட் தடுப்பூசிகள் அவ்வகையினவல்ல. வீட்டிலுள்ளோர் தவறாது ஊசி போட்டுக்கொள்வது இவர்களுக்குக் கூடுதல் அரண். நம் நாட்டில் சிறுநீரகம் பெரும்பாலும் குடும்பத்தினரிடமிருந்தே பெறப்படுவதால், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்வது இயல்பு. ஒரு சிறுநீரகத்தோடு வாழும் கொடையாளியின் நலனுக்கும் அது நல்லது.

தொற்று வந்துவிட்டால் காலம் தாழ்த்தாது, உறுப்பு மாற்று மருத்துவரையே முதலில் அணுக வேண்டும். இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. கோவிடுக்குத் தரப்படும் பாக்ஸ்லோவிட் மாத்திரையிலுள்ள ரிட்டோனவிர், டாக்ரோலிமசைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடக்கிவிடுகிறது. அதனால் குருதியில் டாக்ரோலிமஸ் பல மடங்கு ஏறிச் சிறுநீரகத்திற்கே நஞ்சாகலாம். எனவே டாக்ரோலிமசை நிறுத்திக் குருதியளவைக் கண்காணித்தவாறு அதனைத் தருவதா, அல்லது மூன்று நாள் நரம்பு வழி ரெம்டெசிவிர் தருவதா என்பதை அம்மருத்துவரே முடிவு செய்வார். அவரை உடனே அணுக இயலாது அருகிலுள்ள வேறு மருத்துவரிடம் செல்வோர், காய்ச்சலைச் சொல்லும் முன்னரே, தாம் டாக்ரோலிமஸ் உட்கொள்பவர் என்பதைச் சொல்லிவிடுதல் வேண்டும்.